மெராபி மலைச்சரிவில் ஒரு பசுவின் விலை

“ஒரு மாட்டுக்காகவா உயிரை விட்டார்கள்?” இந்தோனேசியாவின் ஜாவா தீவில் இருக்கும் மெராபி எரிமலையைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். யோக்யகர்த்தாவில் நான் வேலை பார்த்த காலத்தில் நகரத்து நண்பர்கள் கேட்டார்கள். ஊருக்கு வந்து சொன்னபோது நம்மவர்களும் கேட்டார்கள். கூடவே, சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுத முடியும் என்று பழமொழியையும் எடுத்து வைத்தார்கள். கேட்டவர்கள் யாரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர், இரக்கத்தோடுதான் கேட்டார்கள். ஆனால் அந்த இரக்கத்துக்குள் ‘பாவம், விவரம் தெரியாத ஜனங்கள்’ என்ற தீர்ப்பும் இருந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை. பாட்டன் காலத்திலிருந்து அந்தச் சரிவில் உழுது, சாம்பல் விழுந்தால் புல்லைக் கழுவிப் போட்டு, புகையின் நிறத்தைப் பார்த்து நாளைக் கணிக்கிற ஒருவருக்கு எரிமலையைப் பற்றி விவரம் தெரியாது என்று, அதைப் படத்தில் பார்த்த நாம் சொல்வது எந்த நியாயம்?

நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். 2010 அக்டோபர் 25ஆம் தேதி காலை மெராபிக்கு ‘அவாஸ்’ என்ற உச்சகட்ட எச்சரிக்கை விடுக்கப்பட்டது. சிகரத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருந்தவர்கள் வெளியேற வேண்டும் என்று உத்தரவு. மறுநாள் மாலையே மலை வெடித்தது. நவம்பர் 3ஆம் தேதி தடைவட்டம் 15 கிலோமீட்டர் ஆனது. 5ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும் நடந்த பெருவெடிப்புக்குப் பிறகு 20 ஆனது. அன்று கெண்டோல் ஆற்றுப் படுகை வழியாக இறங்கிய நெருப்பு மேகம் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் ஓடிவந்தது. மொத்தத்தில் 350க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். லட்சக்கணக்கானோர் முகாம்களுக்கு வந்தார்கள். மகுவோஹார்ஜோ கால்பந்து மைதானமே ஓர் ஊராகிவிட்டது. இறந்த எல்லோரும் மாட்டைத் தேடிப் போனவர்கள் அல்லர் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ப்ரோங்காங் போன்ற கீழ்ச்சரிவு ஊர்களில், இவ்வளவு தூரம் வராது என்று நம்பி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் பலர். ஆனாலும் முகாமில் சேர்ந்த பிறகு, பகலில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேலே போய்ப் புல் அறுத்துப் போட்டு, பால் கறந்து, மாலையில் இறங்கி வந்தவர்கள் நாள்தோறும் இருந்தார்கள். பிரதான சாலையில் தடுத்தால் ஒற்றையடிப் பாதைகள் அவர்களுக்குத் தெரியும். அந்தக் கேள்வி அவர்களைப் பற்றியதுதான்.

உலகப் பத்திரிகைகளுக்கு அப்போது கிடைத்த கதை வேறு. கினாரெஜோ என்ற ஊரில் இருந்த ம்பா மரிஜான், யோக்யகர்த்தா சுல்தான் அரண்மனையால் நியமிக்கப்பட்ட மலைக்காவலர். ம்பா என்றால் தாத்தா. 83 வயது. 2006 வெடிப்பின்போதும் கீழே இறங்க மறுத்தவர். 2010 அக்டோபர் 26 மாலை தன் வீட்டிலேயே, தொழுகையில் குனிந்த நிலையில் இறந்துகிடந்தார். அவரைக் கீழே அழைத்துவரப் போனவர்களும் இறந்தார்கள். பெரியவரின் மரணத்தில் ஒரு கம்பீரம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு மலைச்சரிவு மக்கள் அனைவரையும், தெய்வத்தை நம்பிக் கைகட்டி உட்கார்ந்திருந்தவர்களாக எழுதிவிட்டார்கள். பிரெஞ்சுப் புவியியலாளர் ஃப்ராங்க் லாவீனும் உடன் ஆய்வு செய்தவர்களும் ஜாவாவின் எரிமலை ஊர்களைப் பற்றி 2008இலேயே எழுதியிருந்தார்கள். மக்கள் அங்கே தங்குவதற்கும் திரும்பிப் போவதற்கும் நம்பிக்கைகள் மட்டும் காரணமல்ல, வயிற்றுப்பாடும் பெரிய காரணம் என்பது அவர்கள் கண்டது. மலைத்தெய்வம் தலைப்புச் செய்தியாக வந்தது. வயிற்றுப்பாடு ஆய்விதழோடு நின்றுவிட்டது.

ஸ்லேமான் மாவட்டத்தின் சங்க்ரிங்கான் வட்டாரத்தில், பெதுங் என்ற இடத்தில், அந்த வெடிப்பில் சிதைந்த ஒரு வீட்டை அதன் உரிமையாளர்களே காட்சிக்கூடமாக வைத்திருக்கிறார்கள். பெயர் ‘மியூசியம் சிசா ஹார்த்தாகு’. என் சொத்தில் எஞ்சியவை என்று பொருள். ஜீப்பில் சுற்றுலா வருகிறவர்கள் எல்லோரும் அங்கே இறங்குவார்கள். சுவர்க் கடிகாரம் ஒன்று உருகி வழிந்து, பன்னிரண்டு மணி தாண்டிச் சில நிமிடங்களில் நின்றிருக்கிறது. மோட்டார் சைக்கிளில் இரும்பு மட்டும் மிச்சம். கண்ணாடிப் பாட்டில்கள் வளைந்து சாய்ந்திருக்கின்றன. தேநீர்க் குவளைகள், கரண்டிகள், அடுப்பங்கரைச் சாமான்கள் எல்லாம் சாம்பல் நிறத்தில் வரிசையாக இருக்கின்றன. இவற்றையெல்லாம் பார்ப்பதற்கு முன்பே கண்ணில் படுவது ஒரு மாட்டின் எலும்புக்கூடு. விலா எலும்புகளோடு முழு உருவமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. நானும் அதன் முன்னால் நெடுநேரம் நின்றேன். சொத்தில் எஞ்சியதைக் காட்டுகிறேன் என்று ஒரு குடும்பம் கதவைத் திறக்கும்போது, நகையையோ நிலப்பத்திரத்தையோ வைக்காமல் மாட்டை முன்னால் வைத்திருக்கிறது. அந்த வரிசையை அவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

கட்டியவள் அவிழ்க்க வேண்டும்

அந்த வட்டாரத்தில் காலையில் நடந்தால், ஆள் தெரியாத அளவுக்குப் புல் ஏற்றிய மோட்டார் சைக்கிள்கள் கடந்துகொண்டே இருக்கும். கொலோன்ஜோனோ என்ற உயரமான புல். அதை அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளோடு பேச்சுக் கொடுத்தேன். நடுத்தர வயதைக் கடந்தவர். நான் அவரை ‘இபு’, அதாவது அம்மா என்றேன், அவர் என்னை ‘மாஸ்’, அதாவது அண்ணன் என்றார். அவர் கை மட்டும் நிற்கவே இல்லை. அடியோடு பிடித்து அரிவாளை இழுப்பார், ஒரு கைப்பிடி சேர்ந்ததும் இடப்பக்கம் கிடத்துவார், தண்டின் வெட்டுவாய் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும். பேச்சுவாக்கில் 2010 வந்தது. அவரும் அப்போது முகாமிலிருந்து மேலே போய் வந்தவர். பயமாக இல்லையா, ஏன் போனீர்கள் என்று கேட்டேன். நம்பிக்கை, விதி, மலை என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவர் கணக்கைச் சொன்னார். கொட்டகையில் இரண்டு பசு. ஒன்று சொந்தம், அதன் மேல் கூட்டுறவுச் சங்கக் கடன். பால் ஊற்றினால்தான் தவணை கழியும். இன்னொன்று கீழூர்க்காரர் ஒருவர் வளர்க்கக் கொடுத்தது. அது செத்துப்போனால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? கடைசியாக அவர் சொன்னதுதான் என்னை நிறுத்தியது. “லாரியில் ஏறச் சொன்னபோது இரண்டும் கட்டிக்கிடந்தன மாஸ். கட்டினவள் நான்தானே. அவிழ்க்கவும் நான்தானே போக வேண்டும்?”

என்னிடம் பதில் இல்லை. அதுவரை நான் அந்த மக்களுக்காகப் பேசியபோதெல்லாம் பணக்கணக்கையே முன்வைத்துவந்தேன். அந்தக் கணக்கும் பொய்யல்ல. 2010இல் யோக்யகர்த்தா மாகாணத்தின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் ஏழரை லட்சம் ரூபியாவைத் தொடவில்லை. நல்ல கறவை மாடு சுமார் ஒரு கோடி ரூபியா. அதாவது ஓர் ஆண்டுக்கும் மேலான சம்பளம் மொத்தமும் நான்கு காலில் கொட்டகையில் நிற்கிறது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், கல்யாணம், ஆஸ்பத்திரி என்று எது வந்தாலும் கன்றை விற்பதுதான் வழி. ‘கடுஹ்’ என்று ஒரு முறை அங்கே உண்டு. மாடு ஒருவருடையது, வளர்ப்பவர் இன்னொருவர், கன்றிலோ விற்ற லாபத்திலோ இருவருக்கும் பங்கு. நம் ஊரில் வாரத்துக்கு விடுவது என்போமே, அதேதான். இத்தனைக்கும் மேலே, அந்த அம்மாள் சொன்னதில் கணக்குக்குள் அடங்காத ஒன்று இருந்தது. நகையைப் பூட்டிவிட்டுப் போனால் அது பசியால் கத்தாது. கறவைப் பசுவை ஒரு வேளை கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும், இரண்டு நாள் விட்டால் மடிநோய் வரக்கூடும். தன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பச்சைப்புல் அதற்குத் தினமும் வேண்டும். கயிற்றில் கட்டிய மாடு தானாக ஓடித் தப்பிக்கவும் முடியாது. அதை அந்த இடத்தில் நிறுத்தியவர் நாம் என்றால், நம் உயிர் பிழைத்ததோடு விஷயம் முடிந்ததாக எப்படி எடுத்துக்கொள்வது?

சுவரையும் சித்திரத்தையும் சொல்கிறவர்களிடம் எனக்கு உள்ள சண்டை இதுதான். பசுவை அவர்கள் சித்திரம் என்று எடுத்துக்கொண்டார்கள். மெராபிச் சரிவுக் குடும்பத்துக்கு அதுதான் சுவர். பசு போன பிறகு உயிர் மட்டும் முகாம் சோற்றில் மிஞ்சியிருப்பதை அவர்கள் பிழைத்தல் என்று கருதவில்லை.

அரசாங்கத்துக்கும் இது போகப் போகப் புரிந்தது. நவம்பர் முதல் வாரத்தில் குடியரசுத் தலைவர் சுசிலோ பம்பாங் யுதோயோனோ, முகாமில் இருப்பவர்களின் மாடுகளை அரசே விலைக்கு வாங்கிக்கொள்ளும் என்று அறிவித்தார். சில இடங்களில் கால்நடைகளுக்குத் தற்காலிகக் கொட்டகைகள் போட்டார்கள். அந்த அறிவிப்பை நான் மதிக்கிறேன். ஓர் எரிமலை நெருக்கடியின் நடுவே நாட்டுத் தலைவர் மாட்டைப் பற்றிப் பேசினார் என்பது சிறிய விஷயமல்ல. ஆனால் மக்கள் வெளியேறத் தொடங்கி ஒரு வாரத்துக்கும் மேலான பிறகே அது வந்தது. அதற்குள் புல் அறுக்கப் போகும் பழக்கம் முகாம்களில் வேரூன்றிவிட்டது. பால் மாட்டுக்காரருக்கு ஒரு வாரம் என்பது பதினான்கு கறவை.

காவல் இல்லாத ஊர்

மேலே போனவர்களில் எல்லோரும் மாட்டுக்காக மட்டும் போகவில்லை. காலியான ஊர்களில் திருட்டு நடக்கிறது என்ற பேச்சு முகாம்களில் பரவியது. இது ஏன் அவர்களை அவ்வளவு கலங்கடித்தது என்று புரிய வேண்டுமானால், ஜாவாவின் கிராமங்கள் இரவில் எப்படித் தூங்குகின்றன என்று தெரிய வேண்டும். மூங்கில் தட்டிச் சுவரும், தள்ளினால் திறக்கும் கதவுமாக எத்தனையோ வீடுகள் இருந்திருக்கின்றன. அந்த வீடுகளுக்குப் பூட்டைவிடப் பெரிய காவல் தெருமுனையில் முறைவைத்து விழித்திருக்கும் ஆண்கள். ரோண்டா என்பார்கள். காவல் கொட்டகையில் மூங்கிலையோ பலா மரத்தையோ குடைந்து செய்த கெந்தோங்கான் தொங்கும். அடிக்கும் விதத்திலேயே செய்தி இருக்கும். இரண்டிரண்டாக அடித்தால் திருடன், மும்மூன்றாக அடித்தால் தீ, ஐந்தைந்தாக அடித்தால் கால்நடைத் திருட்டு. இடைவிடாமல் அடித்தால் பேராபத்து, எல்லோரும் வெளியே வர வேண்டும். ஊருக்கு ஊர் சற்று மாறும் என்றாலும், மனிதனின் உடைமையில் மாட்டுக்கு மட்டும் தனித் தாளம் வைத்திருப்பதைக் கவனியுங்கள்.

முறைக்காவலுக்கு வருகிறவர்கள் போகிற வழியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தொங்கும் சின்னக் குவளையிலிருந்து ஒரு பிடி அரிசியையோ சில்லறையையோ எடுத்துக்கொள்வார்கள். இதற்கு ஜிம்பித்தான் என்று பெயர். சேர்வது தெருவின் பொதுப்பணம். சாவுக்கும் நோய்க்கும் விளக்குக்கும் அதிலிருந்து போகும். இந்த ஏற்பாட்டைப் பற்றி உருகி உருகி எழுதுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அதிகாரமும் இதில் கை வைத்தே வந்திருக்கிறது. இன்று இந்தோனேசியா முழுக்க இருக்கும் தெருக்குழு அமைப்பு, 1944இல் ஜப்பானிய ஆக்கிரமிப்பு ஜாவாவில் புகுத்திய அண்டைவீட்டுக் குழுக்களின் வழியில் வந்தது. 1980களின் தொடக்கத்தில் போலீஸ் துறை இரவுக் காவலை ‘சிஸ்காம்லிங்’ என்ற பெயரில் நாடு முழுக்க ஒழுங்குபடுத்தியது. விழித்திருப்பது சில காலங்களில் விருப்பமாகவும் சில காலங்களில் கட்டாயமாகவும் இருந்திருக்கிறது. இருந்தும் அந்தக் குவளையில் அரிசி போடுகிற வீட்டுக்காரருக்கு, தன் கொட்டகைப் பக்கம் நள்ளிரவில் ஒரு கைவிளக்கு கடந்துபோகும் என்ற நிச்சயம் கிடைக்கிறது. பல ஊர்களில் மாடுகளையெல்லாம் ஒரே இடத்தில் கட்டி, முறைவைத்துக் காவல் காக்கும் கூட்டுக் கொட்டகைகள் உண்டு. யோக்யகர்த்தாவின் பந்துல் மாவட்டத்தில் அவை பெருகியதற்குத் திருட்டுப் பயமும் ஒரு காரணம். வெளியேற்றம் இந்த நிச்சயத்தை ஒரே நாளில் அறுத்துவிட்டது. ஊரையே லாரியில் ஏற்றிய பிறகு ஊரைக் காக்க யார் இருக்கிறார்கள்? விழித்திருக்க வேண்டியவர்கள் இருபது கிலோமீட்டர் தள்ளி மைதானத்துத் தரையில் படுத்திருந்தார்கள்.

பட்டா மேலே, வீடு கீழே

நிலத்தின் கதையையும் சொல்ல வேண்டும். 2023 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தோனேசியாவில் அரை ஹெக்டேருக்கும் குறைவான நிலத்தை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏறக்குறைய 1.69 கோடி, அதில் பெரும்பகுதி ஜாவாவில். அப்படிப்பட்ட துண்டு நிலத்தின் மேல்தான் 2010இன் நெருப்பும் மணலும் இறங்கின. அடையாளக் கல், வேலி, மரம் எதுவும் இல்லை. தன் வயல் எங்கே தொடங்கியது என்று தேடவேண்டிய நிலை. பிறகு அரசு கீழே ‘ஹுந்தாப்’ என்ற நிரந்தரக் குடியிருப்புகளைக் கட்டியது. குடும்பத்துக்கு 100 சதுர மீட்டர் மனை, அதில் 36 சதுர மீட்டர் வீடு. மேலே இருக்கும் பழைய நிலம் உரிமையாளருக்கே சொந்தம், பயிர் வைக்கலாம், புல் வளர்க்கலாம், குடியிருக்க மட்டும் கூடாது. பறித்துக்கொள்ளாமல் விட்டது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். பெரும்பாலோர் இறங்கி வந்தார்கள். ஆனால் கிலாகாஹார்ஜோவைச் சேர்ந்த களிதெங்கா லோர், களிதெங்கா கிடுல், ஸ்ருனென் ஆகிய மூன்று சிற்றூர்க்காரர்கள் மறுத்துவிட்டுத் தங்கள் பழைய மனையிலேயே வீட்டை மறுபடி எழுப்பினார்கள். பிடிவாதம் என்றார்கள். கொட்டகையும் புல்லும் அருகருகே இல்லாத வீட்டில் பால் மாடு வைத்துப் பிழைக்க முடியாது என்பது யார் கண்ணிலும் படாத ரகசியமா என்ன?

அதே களிதெங்கா லோர் பத்தாண்டு கழித்துச் செய்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 நவம்பர் 5ஆம் தேதி எச்சரிக்கை மூன்றாம் நிலைக்கு, அதாவது ‘அவாஸு’க்கு ஒரு படி கீழே, உயர்ந்தது. 5 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் தயாராக வேண்டும் என்றார்கள். முதியவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள் முதலில் கிலாகாஹார்ஜோ முகாமுக்கு இறங்கினார்கள். ஆண்கள் மாட்டோடு மேலே இருந்தார்கள். இந்த முறை அவர்களைத் திட்டுவதற்குப் பதிலாகக் கீழே மாட்டுக்குக் கொட்டகை போட்டார்கள். கொட்டகை தயாரானதும் பசுக்கள் வண்டியேறி இறங்கின. பிடிவாதக்காரர்கள் என்று பெயர் வாங்கிய ஊர்தான் அது. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டபோது சரியான பதிலைச் செய்துகாட்டியது.

மலையின் மேற்குப் பக்கம், மகெலாங் மாவட்டத்தில், மேல்சரிவு ஊர் ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்பான தூரத்தில் ஓர் ஊரைச் சகோதர ஊராக முன்கூட்டியே இணைத்துவைக்கும் திட்டம் இருக்கிறது. ஙார்கோமுல்யோ ஊர்க்காரர்கள் இறங்க வேண்டி வந்தால் தாமான்அகுங் ஊருக்குப் போவார்கள். யார் யார் வருவார்கள், எங்கே தங்குவார்கள் என்பதெல்லாம் பேசி முடிக்கப்பட்டது. மைதானத்தில் கொண்டுபோய்க் கொட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். போகிற இடத்தில் உறவென்று ஒரு முகம் இருக்கும், மாட்டைக் கட்ட ஒரு மரமாவது கேட்டு வாங்கலாம்.

ஆனால் 2020இலும் ஒரு முடிச்சு அவிழாமலே இருந்தது. கொட்டகை கீழே வந்துவிட்டது, புல் மேலேயே இருந்தது. பகலில் சிலர் பழையபடி அரிவாளோடு ஏறிப்போனார்கள். கோடையில் மேல்சரிவுக்காரர்கள் கீழே வந்து வைக்கோலும் புல்லும் வாங்கிப்போவது வழக்கம்தான். அந்தக் கொள்முதலை நெருக்கடிக் காலத்துக்கும் முன்கூட்டியே பேசிவைக்க முடியும். சகோதர ஊரின் பொது நிலத்தில் ஒரு பகுதியைக் கொலோன்ஜோனோவுக்கு ஒதுக்க முடியும். அரிசி மூட்டையும் போர்வையும் கணக்கெடுக்கிற அதே பட்டியலில், ஊருக்கு எத்தனை மாடு, தினம் எத்தனை கட்டுப் புல், கறந்த பாலை எந்த வண்டி எடுத்துப்போகும் என்று எழுதிவைக்க முடியும். மெராபி அடுத்து எப்போது 20 கிலோமீட்டர் கேட்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கு முன்னால் அந்தப் புல்லை நட்டுவைத்தாக வேண்டும்.